வெங்காயக் கூடையில் வைத்த கிழங்கு

பூ பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் சதுரங்கப்பட்டினத்தில் என்னைப்போல் தலைக்கனம் பிடித்த ஆள் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. காலையில் சட்டைக்குப் பொத்தான் போடும்போதே ஜன்னலுக்கு வெளியே யாராவது நிற்பார்கள். "சார், அந்த ஃபாரின் பூவைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்பார்கள். நானே பத்து மாதம் சுமந்து பெற்றதுபோல உள்ளே கூப்பிட்டுக் காட்டுவேன். ஒரே தண்டு, அதன் உச்சியில் நாலு பக்கமும் பார்த்தபடி நாலு பூ, ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம், ரத்தச் சிவப்பு. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே நான் ஸ்டோர் கீப்பர். சொந்த ஊர் செங்கல்பட்டு. வேலைக்காகச் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். ஒட்டினாற்போல் ஆறு வீடு, மூன்றாவது எங்களுடையது. நான், மனைவி, நான்கு வயதில் ஒரு பெண். ஆறு வீட்டுக்கும் பொதுவாகத் தெருவில் ஒரு அடிபம்பு உண்டு. அந்தப் பம்படியில் காலை ஏழு மணிக்குச் சொன்ன சேதி ஏழரைக்கு ஆறு அடுப்பிலும் வெந்துகொண்டிருக்கும்.

கிழங்கு என் கைக்கு வந்ததே தற்செயல்தான். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டச்சுக்காரர்கள் கட்டிய இடிந்த கோட்டைக்குள் காலாற நடக்கப் போயிருந்தேன். வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் அங்கிருந்த கல்லறை ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு காவல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஹாலந்திலிருந்து வந்தவர். பையில் இரண்டு பூக்கிழங்கு கொண்டுவந்திருந்தார், கல்லறையோரம் நட வேண்டுமாம். மண்ணைத் தொடவே கூடாது என்று காவல்காரர் ஒற்றைக்காலில் நின்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் நான் நடுவில் புகுந்து சமாதானம் பேசினேன். காரியம் நடக்கவில்லை. ஆனால் அந்தம்மாவுக்கு என் மேல் பிரியம் வந்துவிட்டது. மகாபலிபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஒரு கிழங்கை என் கையில் கொடுத்தார்.

பார்க்க நல்ல பெரிய பெல்லாரி வெங்காயம். அதே பழுப்புத் தோல், அதே உருண்டை. எப்படி வளர்ப்பது என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் சட்டைப்பை டைரியில் எழுதிக்கொண்டேன். பூக்கிறவரை எல்லாரும் நன்றாகத்தான் பார்ப்பார்கள், பூ முடிந்ததும் தொட்டியோடு குப்பையில் போட்டுவிடுவார்கள், நீ அப்படிச் செய்யாதே என்றார். பூத்தண்டை மட்டும் வெட்டு, இலையைத் தொடாதே. வெயில் படும் ஜன்னலில் வை, எரு போடு. பூ முடிந்து ஏழெட்டு மாதம் ஆனதும் தண்ணீரை நிறுத்து. இலை தானாகப் பழுக்கும். பிறகு கிழங்கை எடுத்து, மண்ணைத் துடைத்து, காற்றோட்டமான, ஈரமில்லாத, இருட்டான இடத்தில் இரண்டு மாதம் தூங்கவிடு. அப்புறம் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய மறுபடி நடு. இவ்வளவும் என் டைரியில் இருந்தது.

கடைசியாக ஒன்று சொன்னார். கிழங்கு விஷம், குழந்தையோ நாயோ வாயில் வைக்கக்கூடாது, சாப்பாட்டுச் சாமான் இருக்கும் இடத்தில் வைக்கவே வைக்காதே. அதை நான் எழுதவில்லை. இதைப் போய் மறப்பேனா என்று நினைத்தேன். மறக்கவும் இல்லை, அதுதான் விஷயமே. மனைவியிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம் நான் ஆசையாகக் கொண்டுவந்த அரளிக் கொம்பை, குழந்தை இருக்கிற வீடு என்று சொல்லி அன்றைக்கே தெருவில் வீசியவள் அவள். இதையும் விஷம் என்று சொன்னால் கிழங்கு அரளி போன வழியில் போகும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். வெட்கக்கேட்டின் முதல் படி அது, அன்றைக்கு எனக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

வெளியே வைத்தால் ஆடு கடிக்கும், உப்புக்காற்று இலையைக் கருக்கும். ஆகவே தொட்டியை முன்னறை ஜன்னலுக்கு உள்ளே வைத்தேன். மாசியில் பூத்தது. பன்னிரண்டாம் நாள் நாலு பூவும் நனைந்த துணிபோலத் தொங்கின. அன்றிலிருந்து ஜன்னலுக்கு ஒரு ஆளும் வரவில்லை. நான் டைரியைப் பார்த்துத் தண்டை மட்டும் வெட்டினேன். இலை நாலு, ஐந்து, ஆறு என்று வந்து முழ நீளத்துக்கு வளர்ந்து சாய்ந்தது. தென்னங்குச்சி ஊன்றி, நூலால் கட்டினேன். வெயில் ஒரு பக்கமே படுகிறதென்று தினமும் தொட்டியைக் கால் வட்டம் திருப்பிவைப்பேன். மனைவிக்கு இதெல்லாம் ஒரே சிரிப்பு.

"பூதான் போயாச்சே, வெங்காயத் தாளுக்கு இன்னாத்துக்குங்க இம்மா மரியாதை? எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கலியே நீங்க" என்பாள்.

பூ போன பிறகும் அதை விசாரித்தது ஒரே ஒரு ஆள்தான், மீன்காரம்மா. கோட்டைக்குப் பின்னால் இருக்கும் மீனவர் குப்பத்திலிருந்து தினம் காலையில் கூடையோடு வருவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணீர் குரல், வெற்றிலைச் சிவப்பு ஏறிய வாய். எங்கள் லைனில் ஆறு வீட்டுக்கும் அவள்தான் மீன். அந்த ஆறு வீட்டை நம்பித்தான் அவள் மற்ற தெருக்களுக்குப் போகாமல் இருந்தாள். பூ வாடிய மறுநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, பூ வுயுந்துடுச்சா?"

"ஆமாம்மா, முடிஞ்சிடுச்சு."

"தூக்கி கடாசிடாத. இம்மாம் பெரிய பூவைப் பெத்துப் போட்டுட்டு அலுப்பா கீது அது. புள்ள பெத்தவளுக்குப் பத்தியம் குடுக்கறா மாதிரி இனிமேதான் நல்லா போட்டுப் பாக்கணும். மீன் கயுவுற தண்ணிய வீணா சாக்கடைல ஊத்தாத, இதுக்கு ஊத்து."

ஹாலந்து அம்மா சொன்னதையே இவள் எழுதப் படிக்கத் தெரியாமல் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை மீன் கழுவிய தண்ணீரைத் தொட்டியின் ஓரமாக ஊற்றினேன். வீடு நாறியது. லைனில் உள்ள பூனை எல்லாம் ஜன்னலுக்கு வெளியே பஞ்சாயத்துக்கு உட்கார்ந்ததுபோல வரிசையாக உட்கார்ந்தன. மனைவி கத்தினாள். ஆனால் இலை அப்படியொரு கரும்பச்சையாக ஏறியது. மீன்காரம்மா தினமும் கூடையை இறக்குமுன் இலையை ஒரு பார்வை பார்த்து, "தேறிக்கிச்சு, தேறிக்கிச்சு" என்பாள். "எப்போ நைனா மறுக்கா பூக்கும்?" என்று கேட்பாள். மாசிக்குத்தான் என்று நான் சொன்னதை எத்தனை தடவை கேட்டும் அவளுக்கு அலுக்கவில்லை.

புரட்டாசி முடியும்போது தண்ணீரை நிறுத்தினேன். ஐப்பசியில் இலை மஞ்சளாகி விழுந்தது. தொட்டியைக் கவிழ்த்தால் கிழங்கு என் கைக்கு வந்தபோது இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு எலுமிச்சங்காய் அளவில் ஒரு குட்டிக் கிழங்கு வேறு. மீன்காரம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்தக் குட்டிய எனக்குக் குடு நைனா. நானும் ஒரு பூ பூக்க வைக்கிறேன்" என்றாள்.

பிய்த்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "இது விஷம்மா. பிள்ளைங்க வாய்ல வைக்கப் போவுது. சோறாக்கற இடத்துல மட்டும் வைக்காதே" என்றேன். சொந்தப் பெண்டாட்டியிடம் மறைத்ததை இவளிடம் ஏன் சொன்னேன்? அவள் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில் விழுமே என்ற பயம்தான். என்னுடைய நேர்மை அந்த மட்டில்தான் வேலை செய்தது. அவள் தலையை ஆட்டி, குட்டிக் கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பெரிய கிழங்கை இரண்டு மாதம் ஈரமில்லாமல் தூங்கவைக்க வேண்டும். ஹாலந்து அம்மாவுக்கு எங்கள் ஐப்பசி கார்த்திகையைப் பற்றித் தெரியாது. கடலோரத்தில் அந்த இரண்டு மாதமும் ஈரமில்லாத பொருள் என்று எதுவும் கிடையாது. தீப்பெட்டி பற்றாது, பாய் பிசுபிசுக்கும், சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு கையோடு வரும். கிழங்கைக் கட்டிலுக்கடியில் வைத்தேன், மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்தது. துடைத்துப் பரண்மேல் வைத்தேன், அங்கே ஒழுகியது. வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்று. விறகடுப்புக்குப் பக்கத்தில் உத்தரத்திலிருந்து தொங்கிய வெங்காயக் கூடை. காற்று, சூடு, இருட்டு எல்லாம் அளவாக இருந்தது.

அந்தம்மா சொன்னது அப்போது எனக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. தாளில் சுற்றி வைக்கிறோமே, மழை விட்டதும் எடுத்துவிடப் போகிறோமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி பம்படிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, செய்தித்தாளில் சுற்றி, வெங்காயத்துக்கு விரித்திருந்த பழைய தாளோடு தாளாகக் கூடையின் அடியில் வைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டுமானால் ஏன் அதை வெங்காயத்தோடு வைத்தேன் என்பதையும், அதைத் தின்னக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாள்தானே என்று விட்டேன். மழை விடவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் மழை ஓய்ந்து கட்டுமரம் இறங்கியிருந்தது. மீன்காரம்மா சங்கரா மீன் கொண்டுவந்தாள். லைன் முழுக்க வாங்கினார்கள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இன்னாங்க இது, இந்த வெங்காயம் கண்ணையே கரிக்கல. கொழகொழன்னு கீது. மழைல ஊறிப்போச்சு போல."

"உம்" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த 'உம்'மை நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு மணிக்குச் சாப்பிட்டோம். குழம்பு லேசாகக் கசந்தது. மஞ்சள் கூடிப்போச்சா என்று மனைவி கேட்டாள். இரண்டரைக்குக் குழந்தை வாந்தியெடுத்தாள். அவளைத் துடைத்துவிட்டு நிமிர்ந்த மனைவியும் கொல்லைப்பக்கம் ஓடினாள். எனக்கும் வயிற்றைப் புரட்டியது. உப்புத் தண்ணீர் கலக்க அடுப்படிக்குப் போனேன். தண்ணீர்ப் பானையைத் தொடுமுன் கண் கூடைக்குப் போனது. தாள் பிரிந்து கிடந்தது, கிழங்கு இல்லை. மூலையில் மீன் செதிலோடு பழுப்புத் தோல் கிடந்தது. அதில் ஒட்டிக்கொண்டு தடித்த காய்ந்த வேர்க்கொத்து. வெங்காயத்துக்கு அப்படி வேர் கிடையாது.

பெற்ற பிள்ளை உள்ளே துவண்டு கிடக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தோலையும் வேரையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், காலித் தொட்டியின் மண்ணைக் கிளறிப் புதைத்தேன். கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் உப்புத் தண்ணீர் கலந்தேன். இதை எழுதும்போது விரல் கூசுகிறது.

வேலையிடத்து ஜீப்பைப் பிடித்துத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். மீன் குழம்பு என்றாள் மனைவி. மழைக்கால மீன்தானே, பழசாக இருந்திருக்கும் என்றார் அவர். கிழங்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"வெங்காயம் அழுகியிருந்தா இப்படி ஆகுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வெங்காயத்தால யாருக்குமே இப்படி ஆகாது சார்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டிலில் துளி துளியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, அவள் மறுபடி வாந்தியெடுத்தால் சொல்லிவிடுவது என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் அவள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். அவள் பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷமும் நான் பிழைத்துவிட்டேன் என்ற சந்தோஷமும் ஒன்றாகத்தான் வந்தன. எது பெரியது என்று அன்றைக்கு நான் பிரித்துப் பார்க்கத் துணியவில்லை.

மறுநாள் காலை மீன்காரம்மா வழக்கம்போலக் கூடையோடு வந்தாள். மனைவி தெருவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நில்லுடி! இன்னா மீனை எடுத்தாந்து குடுத்த நீ? எம் பொண்ணு செத்துப் பொயச்சிருக்கா, தெரியுமா?"

பம்படியில் இருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள். மீன்காரம்மா முதலில் பயந்து, "ஐயோ, கொயந்தைக்கு இன்னா ஆச்சு?" என்றுதான் கேட்டாள். விஷயம் புரிந்ததும் கூடையை இறக்கினாள்.

"யம்மா, வெள்ளன கரைல வந்த மீனு அது. இதே கூடைலதான் ஆறு வூட்டுக்கும் குடுத்தேன். ஆருக்கும் ஒண்ணும் ஆவல, உங்க வூட்டுக்கு மட்டும் எப்டி ஆவும்?"

நியாயமான கேள்வி. ஒரு நிமிஷம் எல்லாரும் யோசித்தார்கள். அதற்குள் ஐந்தாம் வீட்டு அம்மா, தனக்கும் நேற்று ராத்திரி வயிறு ஒரு மாதிரிதான் இருந்தது என்றார். உடனே இரண்டாம் வீட்டுக்கும் நினைவு வந்தது. அவர்கள் வீட்டில் குழம்பையே யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு வீட்டு வயிறும் கெட்டுப்போனது.

மீன்காரம்மா சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை எங்கள் ஜன்னலில் வந்து நின்றது. உள்ளே தொட்டி, வெறும் மண். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நைனா, கெயங்கு எங்க?" என்றாள்.

"எலி இழுத்துட்டுப் போயிடுச்சு" என்றேன்.

அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு நைனா. மீனாலயா ஆச்சு? நீ சொல்லு" என்றாள்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மனைவியும்தான். நான் வாசலுக்கு வந்தேன். ஸ்டோரில் கூலியாட்களுக்குப் புத்தி சொல்லும் குரலில், "மழைக்காலத்துல மீனைப் பாத்து எடுத்துட்டு வரணும்மா" என்றேன்.

ஒரே வாக்கியம். அதற்குமேல் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிவிட யாரும் கை கொடுக்காததால், தானே முழங்காலை மடக்கி ஏற்றிக்கொண்டு போனாள். படித்த மனுஷர், அவரே சொல்லிவிட்டார் என்று பம்படியில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரத்திலிருந்து லைனுக்குச் சைக்கிளில் வேறொருவர் மீன் கொண்டுவந்தார். பக்கத்துத் தெருக்களுக்கும் சேதி பரவி, ஊருக்குள் அவள் மீனை யாரும் தொடவில்லை. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போய்த் தெருத்தெருவாகக் கூவி விற்கிறாள் என்று ஜீப் டிரைவர் சொன்னார். கிழங்கு அழுகிவிட்டது, எறிந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். எலி என்று தெருவில் சொன்னது அவளுக்கு நினைவில்லை. கோபத்தில் அவள் அதைக் காதில் வாங்கியிருக்கவில்லை.

மாசி வந்தது. ஒரு ஞாயிறு சாயங்காலம் குழந்தை கடலுக்குப் போக வேண்டும் என்று அழுதாள். நான்கு மாதமாகக் குப்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், அன்று வேறு வழியில்லாமல் போனேன். வேகமாகக் கடந்துவிட நினைத்தபோது, "அப்பா, நம்ம பூ!" என்று குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

ஒரு குடிசை வாசலில், மண்ணெண்ணெய் டின்னில், பூ நின்றது. நாலு இல்லை, இரண்டுதான். குட்டிக் கிழங்கு அந்த வயதில் பூக்காது என்று ஹாலந்து அம்மா சொல்லியிருந்தார். மீன் தண்ணீருக்குப் பூத்துவிட்டது போலும். சத்தம் கேட்டு மீன்காரம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு குழந்தையைப் பார்த்து முகம் மலர்ந்து, "வா கண்ணு, தண்ணி குடிக்கிறியா?" என்று ஒரு டம்ளரை நீட்டினாள்.

குழந்தை பின்னால் நகர்ந்தாள். "வாணாம். உங்ககிட்ட எதுவும் வாங்கித் தின்னக்கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீது" என்றாள்.

மீன்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். குழந்தை பூவைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். நான், "மழைல எப்படிக் காப்பாத்தினே?" என்று கேட்டேன்.

"பயைய வலையைக் கியிச்சு அதுல போட்டு, கூரைல மாட்டி வச்சிருந்தேன், வாசப் பக்கமா. நீதான சொன்ன, சோறாக்கற எடத்துல வைக்காதன்னு" என்றாள். அப்புறம் நிதானமாக, "உன்னுத நீ எங்க நைனா வச்சிருந்த?" என்றாள்.

நான் மண்ணைப் பார்த்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். காலித் தொட்டியும் பாத்தேன், ஒம் மூஞ்சியும் பாத்தேன். நீயே சொல்லிடுவன்னுதான் நின்னுகினு இருந்தேன்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்கும்போதே எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

"நான் சொன்னா எவ நம்புவா? தப்பிச்சிக்கறதுக்குக் கதை உடறா மீன்காரின்னுவாளுங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீ சொன்னதத்தான நம்புனாங்க?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கு ஒண்ணும் வாணாம். அந்தப் பம்பாண்ட நின்னு, மீனு நல்ல மீனுதான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"வர்ற ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன். சத்தியமா" என்றேன். குழந்தையின் தலைமேல் கை வைத்துச் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க வாக்கியத்தை மாற்றி மாற்றிப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாளியை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போனேன். நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். பேச்சு நின்றது.

"இன்னா சார், நீங்க தண்ணி பிடிக்க வந்துட்டீங்க? அம்மாவுக்கு உடம்பு சரியில்லியா?" என்றார் ஐந்தாம் வீட்டு அம்மா.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன்.

வழிவிட்டார்கள். வாளியை வைத்து அடிக்க ஆரம்பித்தேன். நிரம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாளி நிரம்பியது. நிரம்பி வழிந்தது. இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன். "சார், வழியுது பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். நிமிர்ந்தபோது தெருமுனையில் மீன்காரம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கேட்க வந்திருந்தாள். கூடை கனத்ததோ என்னவோ, ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் பஸ் நிற்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

சித்திரையில் செங்கல்பட்டுக்கே வேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். குழந்தையின் படிப்புக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இப்போதும் செங்கல்பட்டில்தான் இருக்கிறோம். அந்தக் குழந்தைக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அவள் மீன் சாப்பிடுவதில்லை, அந்த வயதில் விட்டது விட்டதுதான். அவள் வந்திருக்கும் நாளில் வீட்டில் மீன் சமைத்தால் அவளுக்கு மட்டும் தனியாக ரசம் இருக்கும். பிள்ளைகள் ஏன் என்று கேட்கும். என் மனைவிக்கு அந்தக் கதையைச் சொல்லுவதில் இன்னும் சலிப்பு வரவில்லை.

"சதுரங்கப்பட்டினத்துல ஒரு மீன்காரி இருந்தா. கெட்டுப்போன மீனைத் தலைல கட்டி உங்கம்மாவைக் கொல்லப் பாத்தா" என்று ஆரம்பிப்பாள். அவள் கண்ணில் தண்ணீர்கூட வரும். முடிக்கும்போது குழம்புக் கரண்டியோடு என் பக்கம் திரும்பி, "இல்லீங்க?" என்பாள்.

"ஆமாம்" என்பேன். இன்னும் ஒரு துண்டு மீன் வைப்பாள். சாப்பிடுவேன்.